மல்லிகை மணக்கும் காபியும் அதன் பெயருக்கான சண்டையும்

பாலும் சிக்கரியும் இல்லாத காபியை நம்மில் பலர் காபியாகவே ஒப்புக்கொள்வதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். நண்பர் ஒருவர் எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே காபியை வெறும் வெந்நீரில் போட்டுக் கொடுத்தார். முதல் மடக்கிலேயே மல்லிகைப் பூ வாசம். அப்புறம், நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மணம். எசென்ஸ் ஏதோ விட்டிருக்கிறார் என்றே நினைத்தேன். எதுவும் விடவில்லை. கொட்டையிலேயே இருந்த வாசனை அது.

யிர்காசெஃபே, தெற்கு எத்தியோப்பியாவில் உள்ள ஒரு சிறிய ஊர். சுற்றியுள்ள காபி நிலங்கள் சுமார் 1,700 முதல் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தின் குளிரில் பழம் மெதுவாகத்தான் பழுக்கும். கொட்டைக்குள் சர்க்கரையும் அமிலங்களும் சேர நேரம் கிடைக்கும். அராபிகா காபியின் பிறந்த வீடும் எத்தியோப்பியாதான். உலகின் மற்ற தோட்டங்களில் பெரும்பாலும் ஒருசில ரகங்களின் வாரிசுகளே வளர்கின்றன. இங்கே பக்கத்துப் பக்கத்து நிலங்களில்கூட வெவ்வேறு நாட்டு ரகங்களைப் பார்க்கலாம். மல்லிகையிலும் நம் அடுக்களைத் தனியாவிலும் இருக்கிற லினலூல் என்ற வேதிப்பொருள் காபியின் மணத்திலும் உண்டு.

பழத்தைப் பறித்த பிறகு செய்வதும் வாசனையை மாற்றும். தோலை நீக்கி, தொட்டியில் ஊறவைத்து, மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பைப் புளிக்கவிட்டுக் கழுவி உலர்த்துவது ஒரு முறை. யிர்காசெஃபேக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இதுதான். கிழக்கே, தண்ணீர் அரிதான ஹரார் மலைப்பகுதியில் பழத்தை முழுசாக வெயிலில் காயவைக்கிறார்கள். சதையோடு சேர்ந்து உலர்வதால் அதில் ஒயின் வாடையும் பெர்ரிப் பழச் சுவையும் ஏறுகின்றன. நம் மலைத்தோட்டங்களில் முதல் வகையைப் பார்ச்மென்ட் என்றும் இரண்டாவதைச் செர்ரி என்றும் சொல்வார்கள்.

சரி, இந்த வேறுபாட்டை எப்படி அளப்பது? அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கப்பிங் என்பார்கள். இளம் வறுவலாக வறுத்த கொட்டையை அப்போதுதான் அரைத்து, 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் என்ற கணக்கில் கோப்பையில் போட வேண்டும். முதலில் உலர்ந்த தூளை முகர்வார்கள். பிறகு சுமார் 93 டிகிரி வெந்நீரை ஊற்றுவார்கள். தூள் மேலே மிதந்து ஓடு போலப் படியும். நாலு நிமிடம் கழித்து அந்த ஓட்டைக் கரண்டியால் உடைக்கும்போது, மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காத குறையாகக் குனிந்திருப்பார்கள். அடைந்து கிடந்த வாசனை முழுவதும் அந்த ஒரு நொடியில் வெளியேறும்.

சற்று ஆறியதும் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சுவார்கள். நம் வீட்டில் அப்படிக் குடித்தால் அம்மா அதட்டுவார். அங்கே அதுதான் சரியான முறை. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சில சுவைகள் மட்டுமே. மல்லிகையையும் நார்த்தங்காயையும் அறிவது மூக்கு. வேகமாக உறிஞ்சும்போது காபி சிறு சிறு துளிகளாகச் சிதறுகிறது. அதிலிருந்து ஆவியாகும் பொருட்கள் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகின்றன. நம்பாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கசப்பும் புளிப்பும் சூடும்தான் மிஞ்சும்.

ஒரே காபியை ஐந்து கோப்பைகளில் வைப்பது வழக்கம். ஒன்றில் மட்டும் பூஞ்சை வாடை அடித்தால், அந்த மூட்டையில் கெட்ட கொட்டை கலந்திருக்கிறது என்று பிடித்துவிடலாம். ஆற ஆறத் திரும்பத் திரும்பச் சுவைப்பார்கள், ஏனென்றால் சூட்டில் ஒளிந்திருந்த குறை ஆறிய பிறகுதான் தலைகாட்டும். 100-க்கு 80 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கினால் அது சிறப்புக் காபி.

இப்படிப்பட்ட காபிக்கு உலகம் அதிக விலை கொடுக்கிறது. அந்த விலையில் விவசாயியின் கைக்கு வந்தது மிகச் சொற்பம். பையின் மேல் அச்சிட்ட பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு எத்தியோப்பியாவுக்கு வந்து சேரவில்லை. எனவே 2005-ல் அந்த நாட்டு அரசு யிர்காசெஃபே, ஹரார், இன்னொரு காபிப் பகுதியான சிடாமோ என்ற மூன்று பெயர்களையும் டிரேட் மார்க்காகப் பதியுமாறு அமெரிக்காவில் விண்ணப்பித்தது.

புவிசார் குறியீடு வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். நம் மலபார் மான்சூன் காபிக்கு அதுதான் இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லை வகுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் அந்த எல்லைக்குள் விளைந்ததா என்று கண்காணித்துச் சான்று தர வேண்டும். எத்தியோப்பியாவில் காபி விளைவிப்பவர்கள் லட்சக்கணக்கான சிறு குடும்பங்கள், வீட்டைச் சுற்றித் துண்டு துண்டான நிலம். அத்தனை பேரையும் கண்காணிக்கும் செலவும் கடைசியில் அவர்கள் தலையில்தான் விழும். டிரேட் மார்க் என்றால் பெயரின் சொந்தக்காரர் அரசு. யார் பயன்படுத்தலாம் என்பதை அதுவே தீர்மானிக்கும்.

அமெரிக்கக் காபி வணிகர்களின் சங்கம் எதிர்த்தது. இவை பொதுப் பெயர்கள், யாருக்கும் தனியுரிமை கூடாது என்றது. சட்டத்தில் அந்த வாதத்துக்கு இடம் உண்டு: பொருளை வெறுமனே விவரிக்கும் சொல்லைத் தனிச்சொத்தாக்க முடியாது. ஹரார், சிடாமோ இரண்டும் முதலில் மறுக்கப்பட்டன. அமெரிக்கக் காபிக்கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸும் டிரேட் மார்க் வேண்டாம், வேறு வகைப் பாதுகாப்பு போதும் என்றது. வறுமை ஒழிப்புக்காக இயங்கும் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு விவசாயிகள் பக்கம் நின்று பெரிய பிரசாரம் நடத்தியது. 2007 ஜூனில் ஸ்டார்பக்ஸ் உடன்பட்டு ஒப்பந்தம் போட்டது. பெயரைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. ஆனால் அது எத்தியோப்பியாவுடையது என்பதை ஏற்க வேண்டும். அந்த ஏற்புக்காகவே இவ்வளவு போராடியது நியாயம் என்பது என் கருத்து. விலை பேச உட்காரும்போது, பெயர் யாருடையது என்ற கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது.

ஆனாலும் பதிவுச் சான்று காபியை மணக்க வைக்காது. 2008-ல் எத்தியோப்பியா ஒரு சரக்குச் சந்தையைத் தொடங்கி, ஏற்றுமதிக் காபியின் பெரும்பகுதியை அதன் வழியாகவே விற்கச் செய்தது. வரும் மூட்டைகளை அங்கே சுவைஞர்கள் சோதித்தார்கள். யிர்காசெஃபேயில் விளைந்த காபியைக்கூட இரண்டாகப் பிரித்தார்கள்: அந்த ஊருக்கே உரிய வாசனை கோப்பையில் தெரிந்தால் ஏ, தெரியாவிட்டால் பி.