ஹோமினின்: மூதாதை அன்று, கிளைஞர்

எத்தியோப்பியாவிலோ கென்யாவிலோ ஒரு தாடை எலும்பு கிடைத்துவிட்டால், 'மனித மூதாதையின் எலும்பு கண்டெடுப்பு' என்றே தமிழில் தலைப்பு வருகிறது. மூலச் செய்தியில் இருக்கும் சொல் 'ஹோமினின்'. அதற்கு மூதாதை என்பது பொருளே அன்று.

மனிதனைக் குறிக்கும் 'ஹோமோ' என்னும் லத்தீன் சொல்லே வேர். விலங்கியலில் 'இடே' என்ற ஈறு குடும்பத்தையும், 'இனி' என்ற ஈறு அதற்குள் அடங்கும் சிறு பிரிவையும் காட்டும். 1974-இல் எத்தியோப்பியாவின் ஹதாரில், நிமிர்ந்து நடந்த தொல்பழங்காலப் பெண்ணான லூசியின் எலும்புகள் கிடைத்தபோது அவளை 'ஹோமினிட்' என்றார்கள். ஏனெனில் மனிதரும், நிமிர்ந்து நடந்து அழிந்துபோன உறவினரும் மட்டுமே அன்று ஹோமினிடே குடும்பத்தில் இருந்தனர். கொரில்லாவைவிட மனிதனுக்கே சிம்பன்சி நெருக்கம் என்று மரபணு ஆய்வுகள் காட்டிய பின், கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான் யாவும் அக்குடும்பத்துக்குள் வந்தன. சிம்பன்சியின் வழியிலிருந்து பிரிந்த பிறகு நம் பக்கம் தோன்றிய இனங்களைச் சுட்ட 'ஹோமினின்' நிலைபெற்றது.

ஹோமினின்கள் எல்லாருமே நம் மூதாதையர் என்று சொல்ல முடியாது. 1959-இல் தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் தொல்மானிட ஆய்வாளர் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டைப் பாருங்கள்: பெரிய கடைவாய்ப் பற்கள், தாடைத் தசையைத் தாங்க உச்சியில் எலும்பு வரம்பு. பராந்த்ரோபஸ் பாய்சி என்று இன்று அழைக்கப்படும் அந்த இனம் நம் முன்னோரின் காலத்திலேயே வாழ்ந்து, வாரிசு இல்லாமல் அற்றுப்போனது. பாட்டனின் தம்பியைப் பாட்டன் என்று பத்திரத்தில் எழுதினால் வம்சாவளியே பிழையாகும்; இங்கே நடப்பதும் அதுதான். படிப்பவர் மனத்தில் பரிணாமம் கிளை பிரியும் மரமாக இல்லாமல் ஏணியாகப் பதிந்துவிடுகிறது. சிலர் எழுதும் 'மனிதக் குரங்கு' இன்னும் மோசம். அது சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் வழங்கும் பெயர்.

'மாந்தக் கிளைஞர்' என்பதே பொருந்தும் என்பேன். கிளை என்றால் தமிழில் மரக்கிளையும் உண்டு, சுற்றமும் உண்டு. கிளைஞர் உறவினரே தவிர முன்னோர் என்று கட்டாயமில்லை. ஹோமினிடே 'மாந்தக் குடும்பம்' ஆகட்டும். இவை பிடிக்காதவர்கள் 'ஹோமினின்' என்றே ஒலிபெயர்க்கலாம். தவறான தமிழைவிட அது மேல்.

பழைய நூல்களை மொழிபெயர்ப்போர் பதிப்பாண்டை முதலில் பார்க்க வேண்டும். 1970-களின் நூலில் வரும் 'ஹோமினிட்' இன்றைய ஹோமினினையே குறிக்கும். அங்கே 'மாந்தக் குடும்பம்' என்று எழுதினால், ஆசிரியர் சொல்லாத ஒராங்குட்டானும் உள்ளே வந்துவிடும்.