நாற்று பிழைக்கும் இடம் எது?

ஹவாயில், மாவி தீவின் ஹலேயகலா எரிமலை உச்சியில் அஹினஹினா என்றொரு செடி உண்டு. வாள் போன்ற இலைகள், அவற்றின் மேல் வெண்ணிற ரோமம். வெயில் பட்டால் வெள்ளியாக மின்னும். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை உதிர்த்ததும் செத்துப்போகும். ஆடு மாடுகள் மேய்ந்தும், வருகிறவர்கள் பிடுங்கியும் ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்தது. தடுத்துக் காத்தார்கள், பெருகியது. ஆனால் 1990களிலிருந்து மறுபடியும் சரிவு. காவல் அப்படியேதான் இருந்தது. மலை உச்சி வறண்டுகொண்டே வந்தது. அதிகம் செத்தவை உச்சியில் இருந்தவை அல்ல, சற்றுக் கீழே, வழக்கமாக ஈரம் கிடைத்துவந்த சரிவுகளில் இருந்தவை.

அப்படியானால், அழிந்துவரும் ஒரு செடியை மீட்க எங்கே நடுவது? 'முன்பு இருந்த இடத்தில்' என்பதுதான் முதலில் தோன்றும் பதில். அது போதாது. ஓரிடத்தில் பெரிய மரம் நிற்கிறது என்றால், அது முளைத்த காலத்து மழைக்கு அந்த இடம் பொருந்தியது என்றுதான் அர்த்தம். அதன் வேர் இன்று ஆழத்து நீரைத் தொடும். நாற்றின் வேரோ விரல் நீளம். மேல்மண் சில வாரம் காய்ந்தால் கதை முடிந்தது. ஆகவே இடத்தை நாற்றின் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

காலநிலை வரைபடங்களில் ஒரு கட்டம் பல நேரம் ஒரு கிலோமீட்டர் அகலம். அதற்குள்ளேயே எத்தனை வித்தியாசம்! 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். பூமியின் வடபாதியில் வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவு, தென்பாதியில் நேர்மாறு. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். இன்னும் குனிந்து பாருங்கள்: குடம் அளவு பாறை ஒன்று, வெயில் படும் பக்கம் மண் சுடுகிறது, நிழல் பக்கம் பாசி படிந்து விரலில் ஈரம் ஒட்டுகிறது. நாற்றுக்கு அந்த ஒரு முழ நிழல்தான் வீடு. இதை வரைபடம் காட்டாது. சின்ன வெப்பமானிகளைப் பல இடங்களில் புதைத்து, ஒரு வருடமாவது அளந்தால்தான் தெரியும்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. விதை? பக்கத்து விதையே சிறந்தது என்பது பழைய விதி. அந்தச் செடி வாழும் பரப்பின் வறண்ட ஓரங்களில் தாக்குப்பிடித்தவற்றின் விதையையும் கலப்பதே இனி நல்லது என்பது என் எண்ணம். அடுத்தது துணை. அஹினஹினா தன் மகரந்தத்தாலேயே கருவுறாது. ஒரே பருவத்தில் பக்கத்தில் இன்னொன்று பூக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே பறக்கத் தேனீ வேண்டும். பத்துச் செடிகளை மலை முழுக்கச் சிதறி நட்டால் விதை கிடைக்காது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதும் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் 1994-ல் கண்டுபிடிக்கப்பட்ட வொல்லமை பைன், காட்டில் 100-க்கும் குறைவான வளர்ந்த மரங்களே கொண்டது. 2019-20 காட்டுத்தீ அவை நிற்கும் பள்ளத்தாக்கு வரை வந்தது. தீயணைப்பு வீரர்கள் போராடித்தான் காப்பாற்றினார்கள். இப்போது குளிர்ச்சியும் ஈரமும் உள்ள வேறு பள்ளத்தாக்குகளிலும் அதன் கன்றுகள் வளர்கின்றன.