எலும்பு எண்ணெய் குடிக்குமா?

பினாங்கின் ஆயர் ஈத்தாமிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். பாட்டியின் முழங்கால் வலிக்குத் தினமும் மூலிகைத் தைலம் தேய்த்துவிடுகிறாராம். அரை மணி நேரத்தில் பிசுபிசுப்பு மறைந்ததும், “எலும்பு குடிச்சிருச்சு” என்கிறாராம் பாட்டி. அது உண்மையா என்பது கேள்வி.

இந்த நம்பிக்கை பாட்டியோடு தொடங்கியதன்று. சுசுருத சம்ஹிதை என்னும் பழைய ஆயுர்வேத நூலுக்கு உரை எழுதிய டல்ஹணர், தேய்த்த எண்ணெய் 300 மாத்திரையில் மயிர்க்காலையும், 400-இல் தோலையும், 500-இல் குருதியையும், 900-இல் எலும்பின் உள்ளிருக்கும் மச்சையையும் எட்டுவதாகக் கணக்குச் சொல்கிறார். மாத்திரை என்பது இலக்கண வகுப்பில் நாம் படித்த கண்ணிமைப் பொழுதுதான். மயிர்க்காலை முதலில் வைத்தது கூர்மையான கவனிப்பு என்பேன். மயிர்க்குழி எண்ணெய்க்கு உண்மையிலேயே ஒரு குறுக்கு வழி. ஆனால், உடற்பரப்பில் அக்குழிகளின் வாய்கள் ஏறத்தாழ 0.1 விழுக்காடுதான். மற்ற இடமெல்லாம் சுவர்.

அந்தச் சுவர், தோலின் மேலே செத்த செல்கள் 15, 20 அடுக்காகப் படிந்த மெல்லிய படலம். பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். செல்களைச் செங்கல் என்று கொண்டால், இடையில் பூசிய சாந்து செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலம் ஆகிய மூன்றும் கலந்த கொழுப்பு. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள். 500 டால்டனைத் தாண்டிய பொருள்கள் இதை எளிதில் கடப்பதில்லை என்று 2000-ஆம் ஆண்டில் போஸ், மெய்னார்டி என்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பல தைலங்களுக்கு அடிப்படையான நல்லெண்ணெயில், மூன்று கொழுப்பமிலங்கள் ஒன்றாகக் கட்டுண்ட டிரைகிளிசரைடு மூலக்கூறோ 880 டால்டன் அளவில் இருக்கும். எனவே, தேய்த்த எண்ணெயில் பெரும்பகுதி மேலடுக்குகளிலேயே தங்கி, தோலின் வரிகளில் பரவி, மீதி பாட்டியின் கைலியில் ஒட்டிக்கொள்கிறது. எலும்புக்கு அது போவதில்லை.

அப்படியானால் தைலம் வீண்தானா? என்னை மயக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. சாந்திலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளின் வால்கள் நேராக நீண்டு, ஒன்றையொன்று ஒட்டி அடர்த்தியாக நிற்கின்றன. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் தோளோடு தோள் உரச நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி நுழைய இடமிருக்காது. நல்லெண்ணெயிலுள்ள ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தின் வால், இரட்டைப் பிணைப்பு இருக்கும் நடுப்பகுதியில், முழங்கால்போல் மடங்கியது. அப்படி மடங்கி நிற்கும் ஒருவர் கூட்டத்துக்குள் புகுந்தால் அவரைச் சுற்றி வெற்றிடம் உண்டாகும் அல்லவா? அந்த இடுக்குகளின் வழியேதான் சிறிய மூலக்கூறுகள் நழுவி இறங்குகின்றன. ஒலியிக் அமிலம் டிரைகிளிசரைடில் கட்டுண்டு கிடக்கும்வரை இந்த வேலையைச் செய்வதில்லை. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் லிப்பேஸ் என்னும், கொழுப்பைப் பிரிக்கும் நொதி அதைச் சிறிது சிறிதாக அவிழ்த்துவிடுகிறது. இதற்கிடையே தோலின் ஈரம் ஆவியாவதை எண்ணெய்ப் படலம் தடுக்க, செங்கற்கள் ஊறிப் பருத்துச் சுவர் மேலும் இளகுகிறது. தேய்க்கும் கையின் சூடும் இதற்குத் துணை.

இவ்வாறு நுழைபவை எவை? கற்பூரம் 152 டால்டன், மெந்தால் 156. பினாங்கு ஜாதிக்காய் எண்ணெயின் மணப்பொருள்களும் இப்படிச் சிறியவையே. கல்கம் எனப்படும் அரைத்த மூலிகை விழுது 1, எண்ணெய் 4, கஷாயம் 16 என்ற பங்கில் சேர்த்து, நீர் வற்றும்வரை காய்ச்சுவது தைலத்தின் மரபு. அம்முறையில் எண்ணெயில் கரைபவையே பெரும்பாலும் தைலத்தில் தங்கும். தோலின் சாந்தும் அத்தகையவற்றுக்குத்தான் இடம் கொடுக்கும். ஆனாலும் காய்ச்சும் சூட்டில் மணப்பொருள்கள் பறந்துவிடும் என்பதால், கற்பூரத்தைக் கடைசியில் சேர்ப்பார்கள்.

ஒவ்வொரு தைலத்திலும் எந்த மூலக்கூறு எவ்வளவு குருதியில் சேர்கிறது என்று அளப்பதற்குக் கருவிகள் உண்டு. பணம் போடத்தான் ஆளில்லை. பல நூற்றாண்டுப் பழைய செய்முறைக்குக் காப்புரிமை கிடைக்காது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். அரசாங்கப் பல்கலைக்கழகங்கள்தாம் இதைச் செய்ய வேண்டும்.

பாட்டிக்குத் தேய்ப்பில் கிடைக்கும் சுகம் பொய்யில்லை. உருவுதலும் சூடும் தசைக்கு இதம் தரும். மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி வலியை மங்கச் செய்யும். வாசகியிடம் நான் திருப்பிக் கேட்டது வேறொன்று: பாட்டி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாரா? உருவும் தைலங்கள் பலவற்றிலுள்ள வலிநீக்கிப் பொருளான மெத்தில் சாலிசிலேட்டும் 152 டால்டன்தான். அது தோல் வழியே குருதிக்குள் போய் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி, இரத்தக்கசிவை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கற்பூரம் கலந்த தைலத்தை அதன்மேல் தடவவே வேண்டாம். தோல் வழியே ஏறும் கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும்.