"காளான் மண்டைன்னு கூப்பிடுறானுங்க மேடம்": எட்டாவது படிக்கிற பையனும் சைக்கிள் ஹெல்மெட்டும்

ஆறு வயசுல சைக்கிளோட ஹெல்மெட்டும் வாங்கிக் குடுத்தா தூங்கும்போதுகூட கழட்ட மாட்டேன்னு அடம்பிடிக்கிற அதே புள்ளதான், ஏழாவது எட்டாவது வந்ததும் அதைப் பரண்ல தூக்கிப் போட்டுடுது. நான் கடலூர்ல குழந்தைங்க டாக்டர். சைக்கிள்ல விழுந்துட்டான்னு என்கிட்ட கூட்டிட்டு வர்றதுல இந்த 12 டூ 15 வயசு கோஷ்டிதான் ஜாஸ்தி. லாரி இடிச்சிடுச்சுன்னு வர்றவங்களவிட தானா விழுந்து வர்றவங்கதான் நெறைய பேரு. சில்வர் பீச் ரோட்டுல ஓரமா கெடந்த மணல்ல வழுக்கிடுச்சு, நாய் குறுக்க வந்துச்சு, ஹேண்டில்பார்ல மாட்டுன சாப்பாட்டுப் பை முன்சக்கரத்துல சிக்கிடுச்சு, யூனிஃபார்ம் ஷால் செயின்ல மாட்டிக்கிச்சு, இப்படித்தான் கதை போவும். (ஷாலை பின் பண்ணிட்டு ஓட்டுங்கடி பொண்ணுங்களா, அதுக்கே தனியா ஒரு போஸ்ட் போடணும்.)

"ரத்தம்லாம் வரல மேடம், எந்திரிச்சு நல்லாதான் பேசுனான்"னு அம்மா சொல்லும்போதுதான் எனக்கு வயித்தக் கலக்கும். காதுக்கு முன்னாடி பொட்டுன்னு சொல்றோமே, அந்த எடத்துல எலும்பு ரொம்ப மெலிசு, அதுக்கு உள்பக்கம் ஒட்டுனாப்புல ஒரு ரத்தக்குழாய் ஓடுது. எலும்புல விரிசல் விட்டு அந்தக் குழாய் கிழிஞ்சா ரத்தம் வெளிய வராது, உள்ளயே சேரும். பையன் எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு வீட்டுக்கு வந்து டிவிகூட பாப்பான், சில மணி நேரம் கழிச்சுதான் தலைவலி ஏறும், வாந்தி, அப்புறம் எழுப்புனாலும் எந்திரிக்காத தூக்கம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, பேச்சு குழர்றது, வலிப்பு, காதுலயோ மூக்குலயோ ரத்தமோ தண்ணி மாதிரியோ ஒழுகுறது, இதுல எது ஒண்ணு வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, 108-க்கு அடிங்க, சிடி ஸ்கேன் எடுத்தே ஆவணும்.

ஹெல்மெட் இதுல என்ன பண்ணும்னா, உள்ள இருக்கறது நம்ம டிவி பெட்டிக்குள்ள வர்ற தெர்மகோல்தான், அதே பொருள், கொஞ்சம் இறுக்கமா செஞ்சது. தலை தரையில மோதும்போது அது நசுங்கும், அப்படி நசுங்கறதுக்கு ஆவுற அந்தத் துளி நேரத்துல மோதுற வேகத்துல ஒரு பங்கை அது தின்னுடும், மண்டைக்கு வர்ற அடி கொறையும். ஆஸ்திரேலியால ஆராய்ச்சி பண்றவங்க ரெண்டு பேரு 40 ஆய்வை ஒண்ணு சேத்து, சைக்கிள் விபத்துல அடிபட்ட 64,000 பேருக்கு மேல உள்ள கணக்கைப் பாத்தாங்க, ஹெல்மெட் போட்டவங்களுக்கு கடுமையான தலைக்காயம் ஆவுற வாய்ப்பு கிட்டத்தட்ட 70 சதவீதம் கம்மின்னு வந்துச்சு. கரும்பு லாரி வந்து மோதுனா ஹெல்மெட் காப்பாத்திடும்னு நான் சொல்லல, அதுக்குன்னு செஞ்சதில்ல அது. ஆனா மேல சொன்ன மணலுக்கும் நாய்க்கும் ஷாலுக்கும் அளவெடுத்து செஞ்ச மாதிரிதான்.

இதெல்லாத்தையும் பையன்கிட்ட சொன்னா கேப்பானா? கேக்க மாட்டான். செத்துருவ, கோமாவுக்குப் போயிருவன்னு பயமுறுத்துற அப்பா அம்மாவ நெறைய பாத்தாச்சு, அந்த வயசுக்கு சாவு அடுத்த தெருவுல நடக்குற சமாச்சாரம். ஒரு பையன்கிட்ட "ஏன்டா தம்பி போட மாட்ற"ன்னு கேட்டதுக்கு தலையக் குனிஞ்சுக்கிட்டே "காளான் மண்டைன்னு கூப்பிடுறானுங்க மேடம்"ன்னான். அவ்ளோதான் விஷயம். அவனுக்கு மண்டை ஓடு பிரச்சனையே இல்ல, ஃப்ரெண்ட்ஸுங்கதான் பிரச்சனை. அதனால நான் இப்பல்லாம் ஒரு பையனுக்கு சொல்றதே இல்ல, "உன்கூட டியூஷன் போறவங்க யாரு யாரு"ன்னு கேட்டு அந்த வீட்டு அம்மாங்களையும் சேத்து பேசச் சொல்றேன். நாலு பேரும் ஒரே நாள்ல மாட்டுனா யாரும் யாரையும் கிண்டல் பண்ண முடியாது. கலர் அவன் இஷ்டம், மேட் பிளாக்கோ என்னவோ, கடைக்கு அவனையே கூட்டிட்டுப் போங்க.

பொண்ணுங்களுக்கு வேற கஷ்டம். ரெட்டை சடைய மடிச்சு ரிப்பன் கட்டுனா காதுப் பக்கம் வார் உக்காராது. சடைய கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டுனா சரியாயிடும், இதை அம்மாங்ககிட்டதான் சொல்லணும்.

அப்புறம் அப்பாங்க. வண்டி ஹெல்மெட்டை கண்ணாடியில தொங்க விட்டுட்டு போலீஸ் நிக்கிற எடத்துல மட்டும் மாட்டுற அப்பாவோட புள்ள எப்படி போடும்? புதுச்சேரில 2019-ல ஹெல்மெட் கட்டாயம்னதும் அது பெரிய அரசியல் சண்டையாவே ஆனது ஞாபகம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு, வண்டில பின்னாடி உக்கார்ற நாலு வயசுக்கு மேல உள்ள புள்ளைக்கும் ஹெல்மெட் வேணும்னு சொல்லுது, சைக்கிளுக்கு அந்த சட்டம் இல்ல. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 1990-லயே சைக்கிளுக்கும் கட்டாயமாக்கிட்டாங்க. இங்க ப்ளஸ் ஒன் பசங்களுக்கு கவர்மென்ட் சைக்கிள் குடுக்கும்போதே கூட ஒரு ஹெல்மெட்டும் குடுத்தா என்னன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை.

வாங்கும்போது "வளர்ற புள்ள"ன்னு யூனிஃபார்ம் மாதிரி ஒரு சைஸ் பெருசா எடுக்காதீங்க. புருவத்துக்கு மேல ரெண்டு விரல்கடைல நிக்கணும், ரெண்டு பக்க வாரும் காதைச் சுத்தி வி ஷேப்ல வரணும், தாடைக்கு கீழ ஒரு விரல் நுழையற அளவுக்கு இறுக்கம் போதும். தலைய ஆட்டச் சொல்லிப் பாருங்க, கழண்டு பின்னாடி போச்சுன்னா நெத்தி தொறந்து கெடக்கும், வேஸ்ட். அப்பாவோட பைக் ஹெல்மெட்டையும் மாட்டி விடாதீங்க, ஒரு கிலோவுக்கு மேல கனம், நம்மூர் மே மாச வெயில்ல புள்ள மயங்கிதான் விழும். சைக்கிள் ஹெல்மெட் அதுல கால்வாசிதான் இருக்கும், காத்துப் போக ஓட்டை வேற.

ஸ்கூல்ல எங்க வைக்கிறதுங்கறதும் நெஜமான பிரச்சனைதான், கிளாஸுக்குள்ள வைக்க எடமில்ல, ஸ்டாண்டுல விட்டா காணாமப் போயிடும். சைக்கிள் பூட்டுற கேபிளை ஹெல்மெட் ஓட்டை வழியா விட்டு ஃப்ரேமோட சேத்துப் பூட்டச் சொல்லுங்க.

ஒரு தடவை பலமா அடி வாங்கிட்டா வெளிய கீறலே இல்லன்னாலும் அந்த ஹெல்மெட் முடிஞ்சுது, நசுங்குன தெர்மகோல் திரும்ப எழும்பாது. குப்பைல போடுறதுக்கு முன்னாடி வாரை கத்தரிச்சுடுங்க, இல்லன்னா பக்கத்து வீட்டுப் பையன் எடுத்து மாட்டிக்குவான்.