மாடரேட்டர்: நெறியாளரா, மட்டுறுத்துநரா?

உரை முடிந்து கேள்வி நேரம் தொடங்கும்போது, யார் முதலில் கேட்கலாம் என்று கை காட்டுபவருக்கு என்ன பெயர்? அழைப்பிதழ்களில் ஒருங்கிணைப்பாளர், தொகுப்பாளர், நடுவர் என்றெல்லாம் அச்சாகிறது. மூன்றுமே பொருந்தவில்லை. ஒருங்கிணைப்பாளர் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்பவர். தொகுப்பாளர் அடுத்து என்ன நடக்கும் என்று அறிவிப்பவர். நடுவரோ தீர்ப்புச் சொல்பவர். கேள்வி நேரத்தில் தீர்ப்புக்கு இடமே இல்லை.

ஆங்கிலத்தில் இவர்தான் மாடரேட்டர். அந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'மோடஸ்' என்றால் அளவு. அதிலிருந்து 'அளவுக்குள் வைத்தல்' என்னும் வினை பிறந்தது. அந்த வினையிலிருந்து, குதிரையை அடக்கிச் செலுத்துபவர், ஆள்பவர் என்ற பொருள்களில் மாடரேட்டர் வந்தது. பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையில் பேரவைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்பவருக்கும் இதுவே பெயர். அணு உலையிலும் ஒரு மாடரேட்டர் உண்டு: நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் கனநீர் அல்லது கிராஃபைட். இயற்கை யுரேனியத்தில் இயங்கும் உலையில், வேகம் குறைந்தால்தான் அணுக்கள் அடுத்தடுத்துப் பிளக்கும் தொடர்வினை நீடிக்கும். கூட்டத்திலும் அப்படித்தான். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் உரையாடல் நின்றுவிடும்.

தமிழில் 'மட்டு' என்றாலும் அளவுதான். மட்டு மரியாதை இல்லாமல் பேசுகிறான் என்கிறோமே, அந்த மட்டு. இலத்தீன் சொல்லோடு இதற்கு உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை; ஆனால் பொருள் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. இணையத்தில் 'மட்டுறுத்துநர்' பரவியது அதனால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் மேடையில் அதைச் சொல்லத் தயங்குகிறேன். மட்டுப்படுத்து என்றதும் குறைத்தல், அடக்குதல் என்றே காதில் விழுகிறது. கேட்க வந்தவரை அடக்க ஒருவர் நிற்கிறார் என்ற எண்ணம், கை தூக்கும் முன்பே கையைக் கட்டிவிடும்.

'நெறியாளர்' இந்தக் குறையைத் தீர்க்கிறது. நெறி என்றால் வழி. நெறியாளரின் உண்மையான வேலையும் வழி விடுவதுதான்: பின்வரிசையில் தயங்கி எழுந்த கையைக் கவனிப்பது, காதில் விழாத கேள்வியை அவை முழுவதும் கேட்கத் திருப்பிச் சொல்வது, நீண்டுகொண்டே போகும் முன்னுரையைக் கனிவோடு நிறுத்தி 'உங்கள் கேள்வி என்ன?' என்று கேட்பது.

இந்தக் கடைசி வேலைக்கு நன்னூல் உதவும். வினாவை அது ஆறாகப் பிரிக்கிறது: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். விடை தெரிந்தே கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரைச் சோதிக்க அது தேவை. கூட்டத்தில் அது பெரும்பாலும் கேட்பவரின் புலமையைக் காட்டவே எழுகிறது. அறியா வினாவுக்கும் ஐய வினாவுக்கும்தான் கேள்வி நேரம் உரியது. எழுந்தது எந்த வினா என்பதை முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் கண்டுகொள்வதை இந்தப் பணியின் உயிர் என்றே கருதுகிறேன்.

மட்டுறுத்துநரை நான் முழுதாகக் கைவிடவில்லை. துண்டுச்சீட்டிலோ கைப்பேசியிலோ வரும் கேள்விகளை மேடைக்குப் பின்னால் சலித்து, ஒரே கேள்வி பலமுறை வராமல் பார்ப்பவருக்கு அந்தப் பெயர் மிகப் பொருத்தம்.

நெறியாளர் என்பதற்கு வேறு வழக்குகளும் இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வை வழிநடத்துபவர் ஆய்வு நெறியாளர். இலங்கையில் நாடக இயக்கத்தை நெறியாள்கை என்பார்கள். குழப்பம் வரும் இடத்தில் 'வினா நெறியாளர்' என்று அடை சேர்க்கலாம். அழைப்பிதழில் அதுவும் இறுக்கமாகத் தோன்றினால், 'கேள்வி நேரத்தை நெறிப்படுத்துபவர்' என்று எழுதி அதன் கீழே பெயரைப் போட்டுவிடலாம்.