உங்க கம்பெனியில எந்த வேலையை யார் செய்றாங்கன்னு எழுதி வச்சிருக்கீங்களா?

நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். திருப்பூர்ல பனியன் கம்பெனி கணக்கு பார்த்துதான் தொழில் கத்துக்கிட்டேன், இப்ப 14 வருஷமா மொரிஷியஸ்ல ரோஸ்ஹில்ல குடியிருக்கேன், இங்க இருக்கிற கார்மென்ட் கம்பெனிகளுக்கு கணக்கு பார்த்துக் குடுக்கறேன். போன மாசம் இங்க மொரிஷியஸ்லயே கோரமண்டல்ங்கிற ஊர் பக்கம் ஒரு ஃபேக்டரியில பார்த்தது மனசை விட்டுப் போகவே இல்ல, அதான் எழுதறேன். இங்கயும் ஊர்லயும் ஏற்றுமதி பண்றவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

அந்த ஃபேக்டரிக்கு தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ஒரு பெரிய பையர். மொதல்ல தையலை மட்டும் மடகாஸ்கருக்கு, அன்டனனரிவோ பக்கம் ஒரு யூனிட்டுக்கு அனுப்பினாங்க, அங்க கூலி கம்மி, இங்க பல பேர் செஞ்சதுதான், தப்பு சொல்ல முடியாது. பில் இங்கிருந்துதான் போகுது, அதனால டர்ன்ஓவர் குறையல, ஏறிட்டே இருந்துச்சு. அப்பறம் பேட்டர்ன் மாஸ்டர், அதாவது துணி வெட்டறதுக்கு அளவு மாதிரி போடறவர், ரிடையர் ஆனார், புதுசா ஒருத்தர போட சம்பளம் ஜாஸ்தின்னு பேட்டர்னையும் சாம்பிளையும் பையரே காட்டின ஒரு டர்பன் சாம்பிள் ரூமுக்கு விட்டுட்டாங்க. ரெண்டு சீசன் போச்சு. பேட்டர்ன் பையர் ஊர்லயே இருக்கு, தைக்கிறது மடகாஸ்கர்ல, அப்ப நடுவுல மொரிஷியஸ் எதுக்குன்னு பையர் நேரா அங்கயே ஆர்டர் போட்டுட்டார்.

புரொடக்ஷன் மேனேஜர் நம்ம அவிநாசிக்காரர். "மூணு வருஷமா டர்ன்ஓவர் ஏறிட்டுதானுங்ணா இருந்துச்சு, அப்பறம் எப்படிங்ணா இப்படி ஆச்சு?"ன்னு கேட்டார். லெட்ஜரை எடுத்துப் பார்த்தா தையல், பேட்டர்ன், சாம்பிள், வாஷிங் எல்லாமே "வெளி ஜாப் வொர்க்"னு ஒரே தலைப்புல கிடக்கு. பையர எது நம்மகிட்ட புடிச்சு வச்சிருந்துச்சோ அந்த வேலை வெளிய போனது கணக்குல கண்ணுக்கே தெரியல.

நாடுகளோட கணக்குலயும் இதே கோளாறுதாங்க. கஸ்டம்ஸ் பெட்டியோட முழு விலைய எழுதிக்கும், உள்ள யாரோட வேலை எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. ஐபோன் கதை பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும், யூச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட்னு ரெண்டு பேர் 2010-ல போட்ட கணக்கு. 2009-ல ஒரு ஐபோனோட உற்பத்தி செலவு 178.96 டாலர், அதுல சைனாவுல அசெம்பிள் பண்ணின கூலி வெறும் 6.50 டாலர், ஆனா வர்த்தகக் கணக்குல மொத்தமும் சைனா ஏற்றுமதின்னு ஏறுது. இதை சரி பண்ண 2013-ல ஓஈசிடிங்கிற பெரும்பாலும் வளர்ந்த நாடுகளோட அமைப்பும் உலக வர்த்தக நிறுவனமும் சேர்ந்து, எந்த நாடு எவ்வளவு மதிப்பு கூட்டுச்சுன்னு ஒரு கணக்கு வெளியிட ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான், ஆனா அது தொழில்துறைவாரியா வர்ற அட்டவணையில இருந்து கணிக்கிறது, ஒரு கம்பெனிக்குள்ள எந்த வேலை நின்னுச்சு எது போச்சுன்னு அதுல தெரியாது.

அது தெரியணும்னா கம்பெனிகள்ட்ட வேலைவாரியா கேக்கணும். எம்ஐடில ஆராய்ச்சி பண்ணின டிமோதி ஸ்டர்ஜன் மாதிரி ஆளுங்க இதை ரொம்ப காலமா வலியுறுத்தறாங்க. ஐரோப்பாவுல, ஐரோப்பிய யூனியனோட புள்ளிவிவர ஆபீஸ் யூரோஸ்டாட் 2007-ல 100 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற கம்பெனிகள்ட்ட ஒரு சர்வே எடுத்துச்சு, உங்க முக்கிய உற்பத்தி எது, அது போக போக்குவரத்து, மார்க்கெட்டிங் விற்பனை, கம்ப்யூட்டர் வேலை, நிர்வாகம் கணக்கு, இன்ஜினியரிங், ஆராய்ச்சி, இதுல எதையெல்லாம் வெளிநாட்டுக்கு மாத்தினீங்கன்னு.

வேலைவாரியா ஏன் பார்க்கணும்னா இத பாருங்க. ஒரு துணி ஃபேக்டரியில சம்பளப் பட்டியல் போடற பொண்ணு "ஜவுளித் தொழிலாளி" கணக்குல வருவா. அந்த வேலைய இங்க மொரிஷியஸ்லயே எபென்ல ஒரு பிபிஓவுக்கு, அதாவது மத்த கம்பெனிகளோட ஆபீஸ் வேலைய செஞ்சு குடுக்கற கம்பெனிக்கு குடுத்து, அதே பொண்ணு அங்க போய் அதே பட்டியலைப் போட்டா "சேவைத் துறை" ஆயிடுவா. நாட்டுல உற்பத்தி வேலை ஒண்ணு குறைஞ்சுது, சேவை வேலை ஒண்ணு கூடுச்சுன்னு புள்ளிவிவரம் சொல்லும், ஆனா அவ செய்ற வேலை ஒரு துளி கூட மாறல.

கூலிக்கு தைக்கிறவங்க இன்னொண்ணு கவனிங்க. பையரோட துணி வந்து, நீங்க வெட்டி தைச்சு அனுப்பினா, கஸ்டம்ஸ் பேப்பர்ல சட்டையோட முழு விலை இருக்கும், ஆனா ஐஎம்எஃப் (சர்வதேச நிதியம்) 2009-ல கொண்டு வந்த விதிப்படி நாட்டோட பேலன்ஸ் ஆஃப் பேமென்ட்ல, அதாவது வெளிநாட்டோட நடக்கற வரவு செலவுக் கணக்குல, அந்த தையல் கூலி மட்டும்தான், அதுவும் சேவையா வரணும். துணி யாரோடதுன்னு சர்வே ஃபாரத்துல சரியா எழுதலேன்னா ரெண்டு கணக்கும் சேராது.

அதனால நான் எல்லார்கிட்டயும் ஒரே ஒரு ஷீட் போடச் சொல்றேன். வேலைக்கு ஒரு வரி. நம்ம ஆளா வெளி ஆளா, இந்த நாடா வெளிநாடா, எத்தனை பேர், வருஷத்துக்கு எவ்வளவு காசு. இதுல ஜனங்க குழம்பற இடம் ஒண்ணு இருக்கு, மடகாஸ்கர் யூனிட் உங்க சொந்தக் கம்பெனின்னா அது வெளிநாடு, ஆனா வெளி ஆள் இல்ல, எபென் பிபிஓ வெளி ஆள், ஆனா வெளிநாடு இல்ல, ரெண்டையும் "அவுட்சோர்சிங்"னு ஒரே கட்டத்துல போட்டா ஷீட் போட்டே பிரயோஜனம் இல்ல. கிரெடிட் கார்டுல மாசாமாசம் கட்டற டிசைன் சாஃப்ட்வேரையும் எழுதுங்க, அதுவும் இறக்குமதிதான், துறைமுகம் வழியா வராததால யார் கண்ணுலயும் படறதில்ல.

அவிநாசிக்காரரும் நானும் உக்காந்து அந்த ஷீட்ட போட்டோம். சாம்பிள் வரி வந்ததும் "வெளி ஆள், வெளிநாடு"ன்னு அவரே டைப் பண்ணிட்டு ரொம்ப நேரம் பேசல. அப்பறம், "மாஸ்டர் வக்வாலதானுங்ணா இருக்கார், வாரத்துல ரெண்டு நாள் வருவாரான்னு கேட்டுப் பாக்கலாமுங்ளா"ன்னார். வர்ற சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போறோம்.