கப்பலில் வைஃபை உண்டு, உங்கள் லேப்டாப்தான் உள்ளே விடாது

ஜனவரி 6-ம் தேதி, ராத்திரி ஒன்பதரை மணி. வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. பேசியவர் மதுரையிலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்த ஓர் அக்கா. நாலைந்து சின்னக் கம்பெனிகளின் சம்பளக் கணக்கு அவர் கையில்தான். லீவுக்குக் குடும்பத்தோடு கப்பலேறி மொசாம்பிக்கில் உள்ள பொமேனே பக்கம் போயிருந்தார்.

"தம்பி, போன்ல நெட் வருது, லேப்டாப்ல வரமாட்டேங்குது. ஆனா வைஃபை கனெக்டட்னுதான் காட்டுது. நாளைக்கு ஏழாம் தேதிப்பா!"

ஏழாம் தேதி என்றால் என்னவென்று தென்னாப்பிரிக்காவில் கணக்கு எழுதும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முந்தின மாதச் சம்பளத்தில் பிடித்த வரியை இஎம்பி 201 படிவத்தில் காட்டி, இங்குள்ள வரித்துறையான சார்ஸுக்குக் கட்டக் கடைசி நாள். தவறினால் கட்ட வேண்டிய தொகையில் பத்து சதவீதம் அபராதம்.

கப்பல்காரர்களைத் திட்டிக்கொண்டே முக்கால் மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடைசியில் பிடிபட்ட குற்றவாளி நான்தான். சில மாதங்களுக்கு முன் அவர் வீட்டு ஃபைபர் மந்தமாக இருக்கிறது என்று அந்த லேப்டாப்பின் டிஎன்எஸ்ஸை (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) கூகுளின் 8.8.8.8 என்று கையால் மாற்றி வைத்துவிட்டு, இருநூறு ராண்டும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். வீட்டில் நன்றாக ஓடிய அதே மாற்றம் நடுக்கடலில் அவரை வெளியே நிறுத்திவிட்டது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கப்பல் சீசன் என்பதால் இந்த மாதிரி அழைப்புகள் எனக்குப் பழக்கம். 1860 நவம்பர் 16-ல் மதராசிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலி ஆட்களை இறக்கிய அதே டர்பன் துறைமுகத்தில்தான் அவர்களுடைய எள்ளுப்பேரர்கள் இன்று லேப்டாப் பையோடு விடுமுறைக் கப்பல் ஏறுகிறார்கள். ஏறட்டும். ஆனால் ஏறும் முன் வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து சில விஷயங்களைச் சரிபார்த்துவிட்டுப் போனால், எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி வராது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கனெக்டட் என்று லேப்டாப் காட்டுவது இன்டர்நெட் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமில்லை. திண்ணையில் உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே போக வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டும். கப்பல் வைஃபைக்குப் பெரும்பாலும் பாஸ்வேர்டே இருக்காது, தொட்டதும் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு பிரவுசரில் ஒரு லாகின் பக்கம் வரும். கேபின் எண், பெயர், பிறந்த தேதி போன்றவற்றைப் போட்டு, வாங்கிய நெட் பேக்கேஜைத் தேர்ந்தெடுத்தால்தான் கதவு திறக்கும். இந்தப் பக்கம் வராமல் போவதுதான் நூற்றில் தொண்ணூறு கதை. நூறு, தொண்ணூறு என்பது என் வாய்க்கணக்கு, ஆய்வு எதுவும் செய்யவில்லை.

ஏன் வராமல் போகிறது? நீங்கள் ஓர் இணையதளத்தைக் கேட்கும்போது கப்பலின் கருவி அதை நடுவில் மறித்து, அது இருக்கட்டும், முதலில் இதைப் பார் என்று தன் லாகின் பக்கத்தைக் காட்டும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் இது எளிதாக நடந்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் ஹெச்டிடிபிஎஸ், அதாவது நடுவில் யாரும் புக முடியாதபடி பூட்டுப் போட்டவை. வங்கித் தளத்தைக் கேட்ட பிரவுசருக்கு வேறொருவர் பதில் சொன்னால், இது யாரோ ஏமாற்றுக்காரன் என்று பிரவுசர் கதவைச் சாத்திக்கொள்ளும். பிரவுசர் செய்வது சரிதான். ஆனால் லாகின் பக்கமும் அதோடு போய்விடுகிறது.

அதனால் முதல் வைத்தியம் பூட்டில்லாத ஒரு தளத்தைக் கேட்பது. இதற்கென்றே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது. முன்னால் வெறும் ஹெச்டிடிபி என்று சேர்த்து அடியுங்கள், பெரும்பாலும் லாகின் பக்கம் எட்டிப் பார்த்துவிடும். விண்டோஸும் தன் பங்குக்கு இதே சோதனையைச் செய்கிறது. வைஃபையில் சேர்ந்தவுடன் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மூன்றே சொல் உள்ள ஒரு சின்னக் கோப்பைக் கேட்கும். எதிர்பார்த்தது வராவிட்டால் நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டு பிரவுசரைத் தானே திறக்கும். கப்பலில் அறைக்குள் வைத்திருக்கும் தாளிலோ கப்பலின் ஆப்பிலோ லாகின் முகவரி இருந்தால் அதையே நேராக அடிப்பது இன்னும் நல்லது.

இதற்கும் மசியாவிட்டால் அக்காவுக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேர்ந்திருக்கும். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். கப்பல் தன்னுடைய டிஎன்எஸ்ஸிடம் கேட்கச் சொல்கிறது. லேப்டாப்போ, நான் 8.8.8.8-இடம்தான் கேட்பேன் என்று அடம்பிடிக்கிறது. லாகின் ஆகாதவரை வெளியே உள்ள எதையும் தொட முடியாது, ஆகவே பதிலே வராது. வைஃபை அமைப்புக்குள் போய் டிஎன்எஸ்ஸை மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றினோம். அடுத்த நிமிஷம் அக்காவுக்கு லாகின் பக்கம் வந்துவிட்டது. உங்கள் லேப்டாப்பிலும் எப்போதோ யாராவது, மருமகனோ என்னைப் போன்ற கடைக்காரனோ, இப்படிக் கை வைத்திருக்கலாம். புறப்படும் முன் பாருங்கள். குரோமில் செக்யூர் டிஎன்எஸ் என்ற இடத்தில் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாலும் இதே கோளாறுதான்.

விபிஎன், அதாவது ஆபீஸோடு பூட்டிய தனிப்பாதையில் பேசும் வசதி, அதன் கதையும் இதன் தம்பிதான். ஆபீஸ் லேப்டாப்புகளில் விபிஎன் எப்போதும் ஓடும்படி பூட்டி வைத்திருப்பார்கள். அது இணையாதவரை வேறெதையும் திறக்க விடாது. கப்பலின் கதவு திறந்தால்தான் விபிஎன் இணையும், விபிஎன் இணைந்தால்தான் லாகின் பக்கத்தைப் பார்க்க விடும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்பார்களே, அதே கதை. சொந்த விபிஎன் என்றால் அணைத்துவிட்டு லாகின் செய்து பிறகு போடலாம். ஆபீஸுடையது என்றால் ஐடி ஆட்களிடம் ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். கப்பலின் மலிவு பேக்கேஜ்களில் விபிஎன்னையும் வீடியோவையும் தடுத்திருப்பதும் உண்டு. வேலைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் விபிஎன் ஓடுமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஒரு பேக்கேஜுக்கு ஒரு கருவி என்பதை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. பெரும்பாலான கப்பல்களில் ஒரே பேக்கேஜில் போன், லேப்டாப் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றுதான். போனில் லாக்அவுட் செய்யாமல் திரையை அணைத்துப் பையில் போட்டால் உங்கள் இடத்தில் போன்தான் உட்கார்ந்திருக்கும். லேப்டாப் வாசலில் நிற்கும். அக்கா என்னோடு பேசிக்கொண்டிருந்ததே அந்த போனில்தான். லாகின் பக்கம் வந்த பிறகு அழைப்பைத் துண்டித்து, போனில் லாக்அவுட் செய்யச் சொன்னேன். அடுத்து என்ன ஆனதோ என்று பதினைந்து நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கருவி உங்களுடையதுதான் என்பதைக் கப்பல் தெரிந்துகொள்வது அதன் எம்.ஏ.சி. எண்ணை, அதாவது வைஃபையில் அது தன்னை அடையாளம் காட்டும் எண்ணை வைத்து. இப்போதைய போன்களும் லேப்டாப்களும் யாரும் பின்தொடரக் கூடாது என்று இந்த எண்ணை மாற்றி மாற்றிக் காட்டும் வசதியோடு வருகின்றன. ஐபோனில் இது 2020-ல் ஐஓஎஸ் 14-ஓடு வந்தது. விண்டோஸில் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் என்று இருக்கும், தினம் ஒரு எண் என்றுகூட வைக்க முடியும். அப்படி வைத்திருந்தால் நேற்று லாகின் செய்த லேப்டாப் இன்று புது ஆளாகப் போய் நிற்கும், பேக்கேஜ் வேறொரு கருவியில் இருக்கிறது என்று பதில் வரும். கப்பலின் வைஃபைக்கு மட்டும் இதை அணைத்து வைத்தால் போதும். வேறு இடங்களில் இருக்கட்டும், நல்ல வசதி.

சிலர் சிக்னலுக்காக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறார்கள். வேண்டாம். சாட்டிலைட்டோடு பேசுவது கப்பல் உச்சியில் உள்ள ஆன்டெனா. உங்கள் லேப்டாப் பேசுவது தாழ்வாரக் கூரையில் உள்ள ஒரு சின்னப் பெட்டியோடு. நடுவே இருப்பது இரும்புச் சுவர். எனவே கேபினில் கதவோரம்தான் நல்ல இடம், கடலோரம் இல்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகை சாட்டிலைட் என்றால் கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க அரை வினாடிக்கு மேல் ஆகும். 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் வகை என்றால் அந்தத் தாமதம் தெரியாது. உங்கள் கப்பலில் எது என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது லேப்டாப் திருட்டுத்தனமாகத் தின்னும் டேட்டா. நெட் கிடைத்த கணத்தில் விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ், பேத்தியின் பிறந்தநாள் வீடியோக்கள் எல்லாம் ஒரே மூச்சில் பாயும். வைஃபை அமைப்பில் மீட்டர்ட் கனெக்ஷன் என்பதைப் போட்டுவிட்டால் பெரிய அப்டேட்டுகள் காத்திருக்கும், ஒன்டிரைவும் நின்றுகொள்ளும். கடலுக்குப் போகும் முன் வீட்டு ஃபைபரில் எல்லா அப்டேட்டையும் முடித்துவிடுவது அதைவிடப் புத்திசாலித்தனம்.

அடுத்தது ஓடிபி. இதில் பணம் போகும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கரையை விட்டு விலகியதும் நம் ஊர் செல் டவர் போய்விடும். அந்த இடத்தில் கப்பலின் சொந்த செல் நெட்வொர்க் வந்து உட்காரும். அதன் ரோமிங் கட்டணம் நிலத்தில் நாம் பார்க்காத ரகம். ஆகவே போன் ஃப்ளைட் மோடில்தான் இருக்க வேண்டும், வைஃபை மட்டும் தனியாக. ஆனால் ஃப்ளைட் மோடில் எஸ்எம்எஸ் வராது, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியும் வராது. போதாததற்கு, சாட்டிலைட் வழி போகும்போது நீங்கள் வேறு ஏதோ நாட்டில் இருப்பதாகத் தளங்கள் நினைத்து, வழக்கத்துக்கு மாறாகக் கூடுதல் சரிபார்ப்பு கேட்கும். முன்கூட்டியே, எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே கோட் உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்கள். ஜிமெயிலின் பேக்கப் கோட்களைத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

ஆதென்டிகேட்டரிலும் ஒரு பொறி உண்டு. அதன் கோட் முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும், நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். மொரிஷியஸ் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால். அங்கே போகும் வழியில் கடிகாரத்தை மாற்றச் சொல்லிக் கப்பலில் அறிவிப்பார்கள். வாடிக்கையாளர் ஒருவர் போனில் நேரத்தைக் கையால் தள்ளி வைத்துவிட்டார், டைம் ஸோனை மாற்றவில்லை. போனின் உள்கணக்கு இரண்டு மணி நேரம் பிசகிவிட்டது, போட்ட கோட் அத்தனையும் தப்பு. நேரத்தைத் தொடாதீர்கள், ஸோனை மட்டும் மாற்றுங்கள்.

கப்பல் வைஃபை பெயரைப் போலவே இன்னொரு பெயர் பட்டியலில் தெரிந்தால் வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டுச் சேருங்கள். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு வைஃபை போட முடியும். லாகின் பக்கம் கேபின் எண் கேட்கலாம். ஈமெயில் பாஸ்வேர்டு, ஏடிஎம் பின் கேட்டால் அது கப்பலுடையது இல்லை. துறைமுகக் காபிக் கடைகளில் இன்னும் ஜாக்கிரதை.

ஒரு சின்ன விஷயம், மறந்தால் மொத்தமும் வீண். நம் ஊர் பெரிய மூன்று முள் பிளக் கப்பலில் எங்கும் நுழையாது. ஐரோப்பிய இரண்டு முள் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டைப் பல கப்பல்களில் ஏறும்போதே பிடுங்கிவைத்துவிடுவார்கள். வைஃபையைப் பங்கு பிரிக்கும் குட்டி ரவுட்டரையும் சில கப்பல்கள் அனுமதிப்பதில்லை.

அன்றிரவு பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது: லேப்டாப் திரையில் படிவம் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி, பக்கத்தில் பாதி தின்ற கேக். கீழே ஒரு வரி: "இனிமே என் லேப்டாப்ல கை வெச்சா என்ன பண்ணேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ தம்பி." இப்போது ஒவ்வொரு வேலைக்கும் எழுதித்தான் கொடுக்கிறேன்.

மார்ச் மாதம் அதே லேப்டாப் மறுபடி கடைக்கு வந்தது. ரெண்டு மாசமா அப்டேட்டே ஆகலை என்றார். மீட்டர்ட் கனெக்ஷனைக் கப்பலில் போடச் சொன்ன நான், அன்றிரவு போனில் பேசி டிஎன்எஸ்ஸை மாற்ற வைத்த அவசரத்தில், லேப்டாப்பில் வீட்டு வைஃபைக்கும் போட வைத்திருக்கிறேன். அணைத்துக் கொடுத்தேன், எழுதியும் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.